புது டிஸ்க் படியும் வரை

சைக்கிளுக்கு டிஸ்க் மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் அளவைக் கேட்பதில்லை மேடம், நிறத்தைத்தான் கேட்கிறார்கள். நடுவில் சிவப்பு வைத்தது இருக்கிறதா, கறுப்பு இருக்கிறதா, ஓட்டை ஓட்டையாகப் பூ மாதிரி வெட்டியது வந்திருக்கிறதா என்றுதான் விசாரிப்பார்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற அந்த மெல்லிய எஃகுத் தட்டை இரண்டு பக்கமும் பிரேக் பேட் கவ்விப் பிடிப்பதால்தான் வண்டி நிற்கிறது என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது. தேனி அல்லிநகரத்தில் கியர் சைக்கிள் கடை வைத்த நாளிலிருந்து இதைப் பார்த்துச் சலித்துப்போனவன் நான்.

உங்களுக்கு வேறு வேலைகள் இருக்கும். என் தங்கை மாரீஸ்வரி ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷனை நான்தான் கொன்றேன், என்னை உள்ளே போடுங்கள் என்று தானாக நடந்து வந்து சொல்கிற பெண்ணை என்ன செய்வதென்று உங்களுக்கே விளங்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடலாம் என்று நினைத்தீர்கள். நான்தான் காகிதமும் பேனாவும் கேட்டேன். வாயால் சொன்னால் முன்பின்னாகப் போய்விடும், எழுதினால் ஒழுங்காக வரும். கடையிலும் அப்படித்தான், கழற்றிய ஆணியைக் கழற்றிய வரிசையிலேயே வைத்தால்தான் திரும்பப் பூட்ட முடியும்.

அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவள் தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்துப் புருஷனின் சைக்கிளைத் துடைத்தாள். சட்டம், ஹேண்டில்பார், கம்பி, எல்லாவற்றோடும் சேர்த்து இரண்டு டிஸ்க்கையும் பளபளவென்று துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பேட் அதைக் குடித்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வழுக்குமே தவிர நிற்காது. பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பம் மேட்டு மலைரோட்டில் இறங்கும்போது சுரேஷ்கண்ணன் வளைவில் நிறுத்த முடியாமல் பள்ளத்தில் போனார். அவள் துடைத்தாள், அவர் செத்தார். அவள் கணக்கு அவ்வளவுதான். அதில் இல்லாதது நான்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த எண்ணெய் விஷயம் பெரிய தொல்லை. ஆயுத பூஜை வந்தால் வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்காமல் இருக்கமாட்டார்கள். அரிவாள்மனையிலிருந்து ஆட்டோ வரை எதுவும் தப்பாது. டிஸ்க் பிரேக் சைக்கிள் வந்த புதிதில் பூஜை முடிந்த மறுநாள் கடைக்கு முழங்கை சிராய்த்துக்கொண்டு வருவார்கள். அதனால் வருஷா வருஷம் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கடை வாசலில் தொங்கவிடுவேன்: டிஸ்க்கில் எண்ணெய், சந்தனம் தொடாதீர்கள். வருகிறவர்களிடம் வாயாலும் சொல்வேன். அந்த வருஷமும் சொன்னேன். என்னிடம் பங்சர் ஒட்டிக்கொண்டு போனவர்களுக்குக்கூடச் சொன்னேன். என் தங்கை வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

மாரீஸ்வரியைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். எங்கள் ஆத்தா போகும்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கும் முன்பே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு நான், எனக்கு அவள். துரு என்றால் அவளுக்கு ஆகாது. தோசைக்கல்லில் ஒரு செம்புள்ளி தெரிந்தால் சாப்பாடு இறங்காது. தையல் மெஷின், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் ஒரு எண்ணெய்த்துணி வைத்திருப்பாள். எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக் கேட் மட்டும்தான் கிரீச்சிடாது. நான் சுத்தம் பார்க்கிறவன், அவள் என்னைவிட ஒருபடி மேல். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் இருந்த இருப்பைப் பார்த்தவர்கள் கண் வைக்காமல் போகமாட்டார்கள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளை ஒரு இடத்தில் சேர்க்காமல் நான் எப்படிச் செய்துகொள்வது? வரன்கள் வந்தன. போடியிலிருந்து ஒன்று வந்தது, பையன் குடிப்பதாகக் காதில் விழுந்தது. சின்னமனூரிலிருந்து வந்த இடத்தில் மாமியார் பொல்லாதவள் என்று சொன்னார்கள். உத்தமபாளையத்துப் பையனுக்கு ஏதோ நோய் என்றார்கள். ஒவ்வொன்றாக நானே அவளிடம் சொல்லித் தட்டிக் கழித்தேன். யார் சொன்னார்கள் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சிரமமாகியிருக்கும், ஏனென்றால் யாரும் சொல்லவில்லை.

சுரேஷ்கண்ணன் என் கடையிலேயே வந்து முளைத்தவர். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம், கம்பத்தில் வீடு, வீட்டில் அம்மா மொக்கம்மாள் மட்டும். என்னிடம்தான் சைக்கிள் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து மலையேறுவோம், அதில் அவரும் சேர்ந்துகொண்டார். மிதிப்பதில் கெட்டிக்காரர், ஆனால் சைக்கிளில் எந்த ஆணி எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஸ்பானரைக் கையில் கொடுத்தால் கரண்டி மாதிரி பிடிப்பார். கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார். மாரீஸ்வரி எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் நேரமாகப் பார்த்து அவருக்குச் செயின் தளரத் தொடங்கியது. தளராத செயினை நான் எத்தனை முறை இறுக்குவது?

ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அண்ணே, அவுக அம்மாவக் கூட்டிட்டு வரேன்னு சொன்னாக. நீங்க என்ன சொல்றீகளோ அதான்."

நான் என்ன சொல்ல முடியும்? சாதி ஒன்று, குணம் தங்கம், ஜாதகமும் பொருந்திவிட்டது. குடிக்கிறான் என்று சொல்ல முடியாது, என் எதிரில் டீயைத் தவிர எதையும் தொடாதவர் அவர். தையில் கல்யாணம் நடந்தது. நான் ஒரு குறையும் வைக்கவில்லை, கம்பத்தில் கேட்டுப் பாருங்கள். அதுவரை அவரை "வாப்பா" என்றவன் அன்றிலிருந்து "வாங்க மாப்ள" என்றேன். அவர் "அண்ணே" என்று கூப்பிட்டதை விட்டு "மச்சான்" என்றார்.

அவள் போன பிறகு வீட்டில் ஒன்று கவனித்தேன். காலையில் டம்ளரை எங்கே வைத்துவிட்டுப் போகிறேனோ, சாயங்காலம் வரும்போது அது அங்கேயே இருந்தது. இது பெரிய விஷயமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் தினமும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது எனக்கு முடியவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டேன், வயிறு கெட்டது. கேட் கிரீச்சிட ஆரம்பித்தது. எண்ணெய் விட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, ஆனால் விடவில்லை. அவள் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் வந்தாள், சிரித்தாள், புருஷனோடு பஸ் ஏறிப் போனாள். கேட்டை அவள் கவனிக்கவேயில்லை. அன்று எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆவணி மாதம் சுரேஷ்கண்ணன் சைக்கிளைக் கொண்டுவந்தார்.

"மச்சான், எறங்கும்போது பிரேக்கு ஒதறுது. என்னன்னு பாருங்க" என்றார்.

விரல் நகத்தால் தட்டைத் தடவிப் பார்த்தேன். விளிம்பில் வரப்பு தட்டியது. மலை இறங்கி இறங்கி நடுப்பகுதி தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. மாற்ற வேண்டிய தட்டுதான், அதில் பொய் ஒன்றும் இல்லை.

"தட்டு தேஞ்சுபோச்சு மாப்ள. முன்னப் பின்ன ரெண்டையும் மாத்திருவோம்."

"எது நல்லதோ அதப் போடுங்க. இதுல எனக்கு என்ன தெரியும்? நீங்க கைவச்சாச் சரி."

கடையில் அப்போது மூன்று வகை இருந்தது. ஒன்று, மழையில் கிடந்தாலும் துரு ஏறாத எஃகு. இன்னொன்று, சூடு இறங்குவதற்காக நடுவில் அலுமினியம் வைத்தது. மலை இறங்குகிறவருக்கு நான் எப்போதும் கொடுப்பது அதைத்தான். மூன்றாவது ஒரு வியாபாரி மாதிரிக்கு அனுப்பிவைத்த மலிவுச் சரக்கு. பிடிமானத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரு சாயங்காலம் ஈரத்தில் நின்றால் மறுநாள் செம்பட்டை அடித்துவிடும். எவருக்கும் அதை விற்கக் கூடாது என்று உயரத்தில் தூக்கிப் போட்டு வைத்திருந்தேன்.

ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தேன்.

அளவு சரியாகப் பார்த்தேன். ஆணிகளை ஒழுங்காக, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினேன். தட்டு வளைவில்லாமல் ஓடுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தேன். பேட்டில் இரும்புத்தூள் கலந்த ரகமும் உண்டு, மெத்தென்ற ரெசின் ரகமும் உண்டு. எண்ணெய் பட்டால் முதல் ரகம் கொஞ்சமாவது தாங்கும், ரெசின் பஞ்சு மாதிரி குடித்துவிடும். ரெசினைப் போட்டேன். சத்தம் வராது மாப்ள என்று காரணமும் சொன்னேன், அதுவும் உண்மைதான். அந்த வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது. வேண்டுமானால் சைக்கிளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிரேக் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுகிறவரின் எடையைப் பார்க்க வேண்டும், அவர் போகிற ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோருக்கும் பாடம் எடுப்பேன். அன்று நான் அவற்றையெல்லாம் பார்க்கவில்லை. அந்தத் தட்டைத் துடைக்கப் போகிறவளைப் பார்த்தேன்.

அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை என்று முதலில் எழுத நினைத்தேன். எழுதினால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் வரிசையாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு ஆணியை ஒளித்துவைப்பது எனக்குப் பிடிக்காது.

புரட்டாசியில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. தோட்ட வேலை நெருக்கியதால் புதுத் தட்டு போட்ட பிறகு மாப்பிள்ளை சைக்கிளை வெளியே எடுக்கவேயில்லை. அவர்கள் வீட்டில் சைக்கிள் தகரக் கொட்டகையில்தான் நிற்கும், சாரல் அடிக்கும். பூஜைக்கு முந்தின வாரம் போயிருந்தேன். மாரீஸ்வரி காபியைக் கையில் கொடுத்துவிட்டு முதலில் சொன்னதே அதுதான்.

"அண்ணே, புதுசாப் போட்ட தட்டு அதுக்குள்ள செம்பட்டை அடிச்சுக் கெடக்கு. பாக்கவே நல்லால்ல."

சற்று முன்பு நான் சொல்லவில்லை என்று எழுதினேன். அது எச்சரிக்கையைப் பற்றி. இதற்கு நான் பதில் சொன்னேன்.

"இரும்புன்னா அப்படித்தான் ஆத்தா. பூசைக்குத் தொடைப்பேல்ல, சரியாப்போகும்" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். மொக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "எம் மருமக வந்தப்புறம் இந்த வீட்டுல இரும்பெல்லாம் வெள்ளியாப் போச்சு" என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாள் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பெற்றவள் மாதிரி பார்த்தார்.

பூஜைக்கு முதல் நாள் மாப்பிள்ளை தோட்டத்தில் இருந்தார், திராட்சை வெட்டு. அவர் வருவதற்குள் அவள் துடைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி வைத்திருந்தாள். ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டில் செம்பட்டை இல்லை, ஒரு பக்கம் மினுமினுப்பு, அதன் மேல் மூன்று சந்தனப் பொட்டு. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். பூஜை போட்ட சைக்கிளை வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினால் போதும், முதல் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்கு வைத்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளைக்கும் சொன்னேன். அவர் அப்படியே செய்தார். நான் சொன்னதை அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

ஞாயிறு காலை கம்பத்தில் சேர்ந்தோம். நான், மாப்பிள்ளை, சேக் பரீத் மூன்று பேர்தான். சேக் பரீத் கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர், எங்கள் கூட்டத்தில் பழைய ஆள். மேட்டில் ஏறும்போது பிரேக்குக்கு வேலையே கிடையாது. மழைவிட்ட மலை, நல்ல குளிர்ச்சி. மாப்பிள்ளை முன்னே போய்ப் போய்த் திரும்பி நின்று எங்களைக் கேலி செய்துகொண்டே ஏறினார். உச்சியில் டீக்கடைக்கு எதிரே நிறுத்தும்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. லீவரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், பிரேக்கு சரியாப் பிடிக்கலையே. வழுக்குற மாதிரி இருக்கு."

"புது டிஸ்க்குல்ல மாப்ள. படியிற வரைக்கும் பிடி கம்மியாத்தான் இருக்கும். எறங்க எறங்கச் சூடாகிப் படிஞ்சிரும்."

இதுவும் பொய்யில்லை. புது டிஸ்க்கும் புது பேட்டும் ஒன்றோடொன்று பழகும்வரை பிடி கம்மியாகத்தான் இருக்கும். நான் அவரிடம் சொன்ன எதுவுமே பொய்யில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

சேக் பரீத்துக்கு மனசு கேட்கவில்லை. "பாண்டிண்ணே, எஸ்டேட்டுக்கு ஆள எறக்கிவிட்டுட்டு ஜீப்பு சும்மாத்தான் திரும்புது. மாப்ள சைக்கிள அங்கன ஏத்திவிட்டா என்ன? ஒரு நாளைக்கு ஜீப்புல எறங்குனா மானம் போயிருமா?" என்றார்.

ஒரு ஜீப் எங்களைத் தாண்டித்தான் போனது. டிரைவர் தெரிந்த பையன், கையாட்டினான். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். போ என்றால் போயிருப்பார்.

"எதுக்கு? நான் போட்ட பிரேக்கு" என்றேன்.

அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. எனக்குக் கேட்டது. பிரேக் கத்துகிற சத்தம் முதலில் நீளமாக, அப்புறம் விட்டு விட்டு. பிறகு "மச்சான்" என்று ஒரு குரல். கூப்பிட்டதா, எச்சரித்ததா தெரியவில்லை. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சேக் பரீத் சைக்கிளை ரோட்டிலேயே எறிந்துவிட்டு வேர்களைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். நான் என் சைக்கிளை ஓரமாகக் கொண்டுபோய், ஒரு பாறையில் சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் இறங்கினேன். எவ்வளவு அவசரத்திலும் சைக்கிளைக் கீழே போடுகிறவன் அல்ல நான். நான் போனபோது மாப்பிள்ளையின் தலை சேக் பரீத் மடியில் இருந்தது. உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அது நடந்தது. சைக்கிளை ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சேக் பரீத் எதற்கோ சக்கரத்தைத் தொட்டவர், விரலை முகர்ந்து பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"என்னண்ணே இது, டிஸ்க்கெல்லாம் தேங்கா எண்ணெ வாடை? யாரு இதுல எண்ணெயத் தடவுனது?"

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "நாந்தாண்ணே. பூசைக்குத் தொடச்சேன்" என்றாள். சேக் பரீத் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் நல்ல மனிதர், கேட்டதற்காக இன்றுவரை வருந்துகிறார். அவள் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணே, எண்ணெ தொடக்கூடாதா?"

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கடையில் தொங்குகிற அட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், பூசைக்குத் துடைப்பேல்ல என்றவன் நான்தானே என்று சொல்லியிருக்கலாம். அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

"விடு ஆத்தா. தெரியாமச் செஞ்சது" என்றேன்.

அவள் அழவில்லை. அன்று முதல் எண்ணெய் தொடுவதையும் விட்டுவிட்டாள். தலைக்குக்கூட வைப்பதில்லை. தலை தீபாவளிக்கு நான் மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த வேட்டி சட்டை பீரோவிலேயே இருக்கிறது. காரியம் முடிந்ததும் அவளை அல்லிநகரம் கூட்டி வந்துவிட்டேன். சமைக்கிறாள், துவைக்கிறாள், கடைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகும்போது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். பேச்சு மட்டும் இல்லை. அதுவும் காலப்போக்கில் சரியாகும் என்று இருந்தேன். கேட்டுக்கு மட்டும் நானே எண்ணெய் விட்டேன்.

எல்லாம் ஒரு வழிக்கு வந்த நேரத்தில்தான் மொக்கம்மாள் வந்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷி, பஸ் பிடித்து, ஒரு கூடை திராட்சையோடு வந்து நின்றார். சேக் பரீத் மூலம் அவருக்கு எண்ணெய் விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. நேராக மாரீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வேணும்னா செஞ்ச? எம் மகன் சைக்கிள் அழகா இருக்கணும்னு செஞ்ச. நானும் ஒத்தையில கெடக்கேன், நீயும் இப்படிக் கெடக்க. வா, நம்ம வீட்டுக்குப் போவோம். தோட்டத்தப் பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் இருப்போம்."

அன்றுதான் என் தங்கை அழுதாள். அந்த அம்மாளின் மடியில் தலையை வைத்து, வாய்விட்டு அழுதாள். என்னிடம் ஒருநாளும் அப்படி அழுததில்லை. ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

நான் கோபப்படவில்லை மேடம். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டுச் சாவகாசமாகத்தான் கேட்டேன்.

"போறதுன்னா போ ஆத்தா. ஆனா தெனமும் அந்தம்மா மொகத்துல எப்படி முழிப்ப? அவுக மகனக் கொன்ன கையால அவுகளுக்கே சோறு போடுவியா?"

இத்தனை விஷயங்களை அளந்து அளந்து செய்தவன் இதில் மட்டும் அளவு தவறிவிட்டேன். இதைக் கேட்டால் பயந்து என்னோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எடுத்து வைத்த துணிகளைத் திரும்பப் பீரோவில் அடுக்கினாள், சரி என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எனக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டு நேராக உங்களிடம் வந்து நின்றுவிட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மாப்பிள்ளை சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பதை இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கால் முறிந்தால் போதும். தேனியில்தான் நல்ல எலும்பு டாக்டர்கள் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே வந்து படுத்துக்கொள்வார், அவளும் கூட வருவாள். இரண்டு மூன்று மாதம் மூன்று பேரும் ஒரே வீட்டில். பழகிவிட்டால் அப்படியே இருந்துவிடலாம். அவருக்கும் என்னைப் பிடிக்கும். இது எவ்வளவு நியாயமான ஆசை என்று பாருங்கள்.

ஆனால் நீங்கள் கெட்டிக்காரர், கேட்கத்தான் போகிறீர்கள். கால்தான் வேண்டுமென்றால் சுருளிக்குப் போகிற சமதளமான ரோடு போதாதா? அந்த ஞாயிறு நாங்கள் சுருளிக்குப் போவதாகத்தான் இருந்தது. மேட்டுக்கு மாற்றியது நான். மழையில் தடுப்புச் சுவர் சரிந்த வளைவு ஒன்று இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அந்த வாரம் தனியாக ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மலை இறங்கும்போது எப்போதும் நான்தான் முன்னால் போவேன். எதிரே பஸ் வந்தால், ரோடு உடைந்திருந்தால், கத்திச் சொல்வது என் வேலை. எத்தனையோ வருஷமாக அந்த வழக்கத்தை மாற்றியதில்லை.

அன்று டீக்கடையில், "மாப்ள, இன்னைக்கு நீங்க முன்னால போங்க" என்றேன்.

அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "நெசமாவா மச்சான்?" என்று கேட்டார். பெரிய மரியாதை கிடைத்துவிட்ட மாதிரி சேக் பரீத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். என் சைக்கிள் டிஸ்க்கை முந்தின சாயங்காலமே ஸ்பிரிட் ஊற்றித் துடைத்து வைத்திருந்தேன். நிதானமாகத்தான் இறங்கினேன். சுரேஷ்கண்ணன் திரும்பி வரக்கூடாது என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் செய்தேன். அவரைக் கொன்றது நான். தங்கையின் கை வெறும் கை.

இனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள். யாராவது ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால் நல்லது. கடைச் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது, அவளிடம் கொடுத்துவிடுங்கள். கேட்டை இழுத்துச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இந்தக் காகிதத்தில் இருப்பதை அவளிடம் சொல்ல வேண்டாம். உண்மை தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். அவள் செய்ததற்கு அண்ணன் பழியை ஏற்றுக்கொண்டு உள்ளே போகிறான் என்று மட்டும் சொல்லுங்கள். அப்போதுதான் அவள் கம்பத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து, வாரா வாரம் என்னைப் பார்க்க வருவாள்.